வெள்ளிக்கிழமை எலிகள்

பாஞ்சாலியைப் பற்றி எழுத வேண்டுமானால், நான் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்ற கதையை முதலில் சொல்லியாக வேண்டும். மறைத்துப் பயனில்லை. அன்று விழுப்புரம் ஜங்ஷனில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அது 1937-ஆம் வருஷம், கார்த்திகை மாதம். திண்டிவனத்தில் டாக்டர் விருத்தாசலத்திடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். மதராசிலிருந்து எங்களுக்கு ரயிலில் ஒரு பெட்டி வந்தது. திண்டிவனத்தில் இறக்க வேண்டிய பெட்டியை இறக்க மறந்து விழுப்புரம் வரைக்கும் கொண்டு போய்விட்டார்கள். அதை மீட்டு வர என்னை அனுப்பினார் டாக்டர். நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியின் ஒரு பக்கம் பிளந்து கிடந்தது. உள்ளே இருந்த இருபத்துநான்கு வெள்ளை எலிகளும் பிளாட்பாரத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

எனக்கு எலி என்றால் ஆகாது. பயமென்று நினைக்க வேண்டாம், தும்மல் வரும். சரி, பயமும் உண்டு. பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு, "பிடியுங்கள், பிடியுங்கள்" என்று பொதுவாக எல்லோருக்கும் உத்தரவு போட்டேன். ஒருவரும் பிடிக்கவில்லை. போர்ட்டர்கள் சிரித்தார்கள், ஒரு பெரிய மனிதர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அப்போதுதான் மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினாள். வயது நாற்பதுக்குள் இருக்கும். மடியிலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுத்து, மென்று, தரையில் துப்பினாள். அப்படியே குந்தி உட்கார்ந்து முந்தானையை விரித்துப் பிடித்தாள். கால் மணி நேரத்தில் இருபத்துமூன்று எலிகள் முந்தானைக்குள் வந்துவிட்டன.

"இன்னாத்துக்கு பெஞ்சி மேல நிக்கிறீங்க? எறங்குங்க. மீதி ஒண்ணு உங்க கொடைக்குள்ளதான் பூந்துக்கினு இருக்குது" என்றாள்.

குடையைத் தூக்கி எறிந்தேன். எலியையும் அவளே பிடித்தாள், குடையையும் அவளே மடக்கிக் கொடுத்தாள்.

அவள்தான் பாஞ்சாலி. திண்டிவனத்தில் மல்லாட்டைக் குடோனில் தோல் உரிக்கிற வேலை செய்தவள். அன்று காலை மேஸ்திரியோடு சண்டை. உரித்த பருப்பில் ஒன்றை வாயில் போட்டதற்காக அவன், "வாயைத் திற, பார்க்கணும்" என்றானாம். இவள் திறந்து, அவன் ஏழு தலைமுறைக்கும் கேட்கும்படி நாலு வார்த்தை சொல்லிவிட்டு, இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று விழுப்புரத்திலிருந்த தங்கை வீட்டுக்கு ரயிலேறி வந்திருக்கிறாள். நான் அவளை அடுத்த ரயிலிலேயே திண்டிவனத்துக்குத் திருப்பி அழைத்து வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்கள் இரண்டோ மூன்றோதான். அதில் இது ஒன்று.

டாக்டர் விருத்தாசலம் சீமையில் படித்துவிட்டு வந்தவர். வரும்போது மற்றவர்களைப்போல் கைக்கடிகாரமும் தொப்பியும் வாங்கி வராமல், ஒரு குடுவை நிறைய ஐஸும் அதன் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயும் கொண்டு வந்தார். குழாய்க்குள் ஃப்ளூ காய்ச்சலின் வைரஸ். பூதக்கண்ணாடிக்கும் அகப்படாத கிருமி. புதுச்சேரியிலிருந்து மரத்தூளில் புதைத்து வரும் ஐஸ் கட்டியில்தான் அது உயிரோடு இருந்தது. வைத்தியசாலைக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம். அதற்கு எலி வீடு என்று ஊரார் பெயர் வைத்துவிட்டார்கள். மதராசில் டாக்டர்களின் கமிட்டி ஒன்று இதற்கெல்லாம் பண உதவி செய்தது.

டாக்டருக்கு விடை தெரிய வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஒரே வைரஸ், ஒரே அளவு துளி. ஒரு எலி ஐந்தாம் நாள் செத்துப்போகிறது. இன்னொன்று நாலு தும்மல் தும்மிவிட்டுத் தீனிக்கு வந்து நிற்கிறது. ஏன்?

வேலை இப்படி நடக்கும். ஒரு கண்ணாடி ஜாடிக்குள் ஈதரில் நனைத்த பஞ்சு. எலியை அதில் போட்டால் சிறிது நேரத்தில் மயங்கிப் படுத்துவிடும். எடுத்து, மூக்கில் இரண்டு துளி வைரஸ் நீரை விட வேண்டும். மூச்சோடு அது உள்ளே போய்விடும். முதலில் இதை நான்தான் செய்தேன். எலி முடி மூக்கில் பட்டதும் எனக்கு ஆறு தும்மல் வந்தது. வைரஸ் நீர் டாக்டரின் மூக்குக்கண்ணாடியில் போய் விழுந்தது. அன்றே என்னை ஒரு மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்காரவைத்து நோட்டு எழுதச் சொன்னார். ஜாடியும் துளியும் பாஞ்சாலி கைக்குப் போயின. அவள் கை நடுங்காது. பருப்பு உடையாமல் மல்லாட்டைத் தோலை உரித்த கை.

அவள் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பொட்டை ஒண்ணு, ரெண்டு சொட்டு. ஆம்பள ஒண்ணு, ரெண்டு சொட்டு" என்று குரல் கொடுப்பாள். நான் எழுதுவேன். நோட்டில் ஈதர் என்று ஒரு பத்தி உண்டு. அதைப் பற்றி அவள் குரல் கொடுப்பதில்லை. நானும் கேட்பதில்லை. எலிக்கு ஈதர் கொடுப்பது ஊரறிந்த விஷயம்தானே? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அந்த வாரத்துப் பக்கத்தில் முதல் வரியில் 'கொடுக்கப்பட்டது' என்று எழுதி, கீழே கடைசி வரை 'மேற்படி, மேற்படி' என்று போட்டு வைத்துவிடுவேன். நேரம் மிச்சம். இதைச் செய்துவிட்டு எவ்வளவு பெருமையாகக் காப்பி குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பாஞ்சாலிக்கு எலி வீடு பிடித்துப்போயிற்று. கேப்பைக் களியை உருட்டி வைப்பாள், கூண்டுக்கு வைக்கோல் மாற்றுவாள், எலிகளை உறவுமுறை வைத்துக் கூப்பிடுவாள். செத்ததைத் தனியாக ஒரு மூலையில் வைத்து, "போய் வா தாயே" என்று சொல்லித்தான் டாக்டர் கையில் கொடுப்பாள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "கம்பவுண்டரே, இந்த எலி வூட்ட மட்டும் மூடிட்டாங்கன்னா, நான் மறுபடியும் அந்த மேஸ்திரி மூஞ்சியிலதான் முழிக்கணும். வாயத் தொறன்னுவான். அதுக்கு இந்தக் கூண்டுக்குள்ள பூந்துக்கினு நாலு சொட்டு மூக்குல வுட்டுக்கலாம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நாலு மாதம் கழித்து டாக்டர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எது செத்தது எது பிழைத்தது என்று எண்ணச் சொன்னார். எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். செவ்வாயிலும் வெள்ளியிலும் துளி விட்ட பெண் எலிகளில் சாவே இல்லை. புதனிலும் சனியிலும் துளி விட்ட ஆண் எலிகளும் அப்படியே. மற்றதெல்லாம் கொத்துக் கொத்தாகப் போயிருந்தன.

"கிழமை பார்த்தா வைரஸ் வேலை செய்யும்?" என்றார் டாக்டர்.

"வெள்ளிக்குச் சுக்கிரன் அதிபதி ஐயா" என்று ஆரம்பித்தேன். நான் கத்தோலிக்கன்தான். ஆனாலும் அடுத்த வீட்டு ஜோசியரிடம் பேச்சுக் கேட்கிற பழக்கம் இருந்தது. டாக்டர் பேனாவை என் மேல் எறிந்தார். பேனா என்னைத் தாண்டிப் போய்க் கூண்டில் பட்டது. அதை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினார். ஒரு எலியை எடுத்து முகர்ந்தார். இன்னொன்றை எடுத்து முகர்ந்தார்.

"பாஞ்சாலி, இந்த எலி மேல ஏன் நல்லெண்ணெய் வாசனை? சீயக்காயும் இருக்கே!"

"இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்களே ஐயா" என்றாள் அவள், இதென்ன கேள்வி என்பதுபோல. "பொட்டைங்களுக்கு செவ்வா வெள்ளி, ஆம்பளைங்களுக்கு புதன் சனி. காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடியே தேச்சி, வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, வெய்யில்ல காய வச்சிடுவேன். நம்ம கிட்ட வேலைக்கு இருக்குதுங்க, எண்ணெ கூட காட்டாம வுடறதா?"

இத்தனை நாளும் அந்த வாசனை அவள் கூந்தலிலிருந்து வருகிறதென்று நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம்.

டாக்டர் எலியைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினார். சீமை டாக்டர்களெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்கிற காய்ச்சலுக்கு மருந்து நம்மூர் செக்கில் இருக்கிறது! அன்று மாலையே கமிட்டிக்குக் கடிதம் போயிற்று, எட்டுப் பக்கம். நான்தான் நகல் எடுத்தேன். அதில் நல்லெண்ணெய் என்ற சொல் நாற்பத்தொரு முறை வந்தது.

பதில் கடிதமாக வரவில்லை, ஆளாகவே வந்தது. டாக்டர் தேவசகாயம், கமிட்டியின் மூத்த உறுப்பினர். ஒல்லியான உருவம், அதிகம் பேசாதவர். எதைச் சொன்னாலும் 'அப்படியா' என்பார். அந்த 'அப்படியா'வில் நமக்கு நாமே சந்தேகம் வந்துவிடும். வந்து இறங்கியது ஒரு திங்கட்கிழமை. "என் கண்ணெதிரில் செய்து காட்டுங்கள்" என்றார். எண்ணெய் தேய்த்த பெண் எலி பத்து, தேய்க்காதது பத்து என்று பேச்சு.

"திங்கக்கெழமையிலியா பொட்டைக்கு எண்ணெ?" என்று பாஞ்சாலி முணுமுணுத்தாள். டாக்டர் விருத்தாசலம் காதில் வாங்கவில்லை. பெரியவர் முன்னால் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டுமென்று வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஜாடியைக் கையில் எடுத்தார். குளித்து முடித்துப் பளபளவென்று இருந்த எலிகள் ஒவ்வொன்றாக ஈதரில் சாய்ந்தன. பாஞ்சாலி தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று நான் நினைத்தேன். எனக்கு எதுவும் அந்த நேரத்தில் புரிந்ததாகச் சரித்திரமே இல்லை.

தேவசகாயம் விழுப்புரத்தில் மைத்துனர் வீட்டில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை திரும்பி வந்தார். எண்ணெய் எலியில் ஏழு காலி. வறட்டு எலியில் ஆறு. மிச்சமிருந்தவை முடி சிலிர்த்து, உடம்பைக் குறுக்கிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

"அப்படியா" என்றார் அவர். பிறகு, "நல்லெண்ணெய் தோசைக்கு உதவும், டாக்டர். இந்த இடத்தை மேலும் நடத்துவதில் அர்த்தமில்லை என்று எழுதிவிடுகிறேன். இருக்கிற எலிகளை மதராசுக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார்.

டாக்டர் விருத்தாசலம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவம், அழுகிற முகம். நான் ஜன்னலைப் பார்த்தேன். வாசற்படியில் நின்ற பாஞ்சாலிதான் உள்ளே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்து, மேஸ்திரி அன்று எப்படி நின்றிருப்பான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பின்ன சாவாதா? எண்ணெ தேச்சி தண்ணி ஊத்தின ஒடம்ப பகல்ல தூங்க வச்சா சளி நெஞ்சுக்கு எறங்காதா? எந்த ஊர்ல எண்ணெ தேச்ச அன்னிக்கு பகல்ல தூங்குவாங்க? அம்மாம் படிச்சவங்க, இது கூடவா தெரியாது? பத்தையும் படுக்க வச்சே கொன்னுட்டீங்களே ஐயா!"

தேவசகாயம் அவளிடம் கேட்டார்: "அம்மா, நீங்கள் எண்ணெய் தேய்த்த எலிகளைத் தூங்க வைக்கவில்லையா?"

"எப்படிங்க வைப்பேன்? அந்தந்தக் கெழமையில ஜாடி பக்கமே கொண்டு போவ மாட்டேன். முழிச்சிக்கினு இருக்கச்சவே கழுத்தப் புடிச்சி சொட்டு வுட்டுடுவேன். அதுவும் துள்ளும். நான் வுட்டாத்தானே."

"நோட்டில் ஈதர் கொடுத்ததாக இருக்கிறதே?" என்று கேட்டு, அவர் என் பக்கம் திரும்பினார்.

எழுத்துப் பிழை என்று சொல்லலாமா, மை கொட்டிவிட்டது என்று சொல்லலாமா என்று மனம் நாலு பக்கமும் ஓடியது. பாஞ்சாலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொன்னால் அவள் பொய்க்காரி ஆவாள், எலி வீடும் போகும். உண்மையைச் சொன்னால் போவது நான் மட்டுந்தான்.

"அது ஞாயிற்றுக்கிழமையே எழுதியது, ஐயா" என்றேன். "வாரம் முழுதுக்கும் சேர்த்து. மேற்படி போட்டு."

டாக்டர் விருத்தாசலம் எறிவதற்குப் பேனா தேடினார். அகப்படவில்லை. தேவசகாயம் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஈதர் பத்தியில் விரலை வைத்துக் கீழே கீழே கொண்டு போனார். 'அப்படியா' என்று சொல்லவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "பத்து எலி கொடுங்கள் அம்மா. எண்ணெய் வேண்டாம். ஐந்தைத் தூங்க வையுங்கள், மற்ற ஐந்தும் விழித்திருக்கட்டும்" என்றார்.

"குளிக்காத எலிய எத்தினி நேரம் வேணா தூங்க வைக்கலாம் சாமி" என்றாள் பாஞ்சாலி.

தேவசகாயம் மைத்துனர் வீட்டில் இன்னும் சில நாள் விருந்தாளியாக நீடித்தார். மூன்றாம் நாள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு எலியை அறுத்துப் பார்த்தார்கள். தூங்கின எலியின் நுரையீரல் கருஞ்சிவப்பாகக் கெட்டித்துப்போயிருந்தது. தண்ணீரில் போட்டால் கல்லாய் மூழ்கிற்று. விழித்திருந்ததன் நுரையீரல் ரோஜா நிறத்தில் மிதந்தது. பிறகு மூக்குச் சதை, நுரையீரல், ஈரல், மண்ணீரல், மூளை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே அரைத்து, புது எலிகளின் மூக்கில் விட்டு, எதிலிருந்து நோய் வருகிறதென்று பார்த்தார்கள். அரைத்தது நான். அம்மிக்குப் பக்கத்தில்கூடப் போகாத எனக்குக் கடவுள் கொடுத்த அபராதம். ஈரலிலும் மண்ணீரலிலும் மூளையிலும் ஒன்றுமில்லை. மூக்கில் இரண்டு பக்கத்து எலிகளுக்கும் வைரஸ் பெருகியிருந்தது. நுரையீரலில் பெருகியது தூங்கின எலிக்கு மட்டுந்தான். அதுதான் செத்தது.

"ஆக, எத்தனை துளி விட்டோம் என்பதல்ல, அது உடம்பில் எந்த இடத்தில் போய்ப் பெருகுகிறது என்பதுதான் கேள்வி" என்றார் டாக்டர் விருத்தாசலம். குரலில் மறுபடியும் நாற்பத்தொரு நல்லெண்ணெயின் உற்சாகம்.

"இதத்தானே சொல்லிக்கினு இருக்கிறேன்" என்றாள் பாஞ்சாலி. "முழிச்சிக்கினு இருக்கறவன் வாசல்லியே நிக்க வச்சி தும்மி தொரத்திடறான். தூங்கறவன் வூட்ல அது நெஞ்சு வரிக்கும் போயி குடித்தனம் பண்ணுது."

தேவசகாயம் அதைத் தன் கைநோட்டில் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கமிட்டியின் கடிதம் வந்தது. எலி வீடு இன்னும் மூன்று வருஷம் நடக்கலாம். நிபந்தனை இரண்டு. எலிகளைக் கையாளும் அம்மாளை மாற்றக் கூடாது. நோட்டு எழுதுகிறவர் தட்டிக்குப் பின்னால் உட்காரக் கூடாது. நான் படித்துச் சொன்னதும் பாஞ்சாலி கூண்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அது எலி முடியால்தான் என்று அப்போது சொன்னேன். இப்போது மாற்றிச் சொல்கிறேன், சந்தோஷத்தால்தான்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவள் கேட்டாள்: "அதுல எண்ணெயப் பத்தி எதனா எழுதிக்கீறாங்களா?"

"ஒரு வரிகூட இல்லை."

"அப்போ பாதிதான் புரிஞ்சிக்கீது அவங்களுக்கு."

அன்றிலிருந்து நான் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவள் எடுக்கிற ஒவ்வொரு எலிக்கும் ஒரு தும்மல் போட்டு, ஒரு வரி எழுதினேன். "நான் சொல்றத எழுதுங்க. சொல்லாதத எழுதாதீங்க" என்பாள். அந்த நோட்டுகளில், 'வெள்ளி. பெண். விழித்திருந்தது. முகம் சரியில்லை, கோபமாக இருக்கிறது' என்றெல்லாம் இருக்கும். மதராசில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

1941-இல் ஆடிக் காற்றோடு ஊரில் ஃப்ளூ வந்தது. எனக்கும் வந்தது, அதுவும் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த மதியம். உடம்பெல்லாம் அனல். செத்துப்போவேன் என்று தீர்மானித்து என் மனைவி லூர்து மேரியிடம் கோயில் சாமியாரைக் கூப்பிடச் சொன்னேன். அவள் பாஞ்சாலியைக் கூப்பிட்டுவிட்டாள். பாஞ்சாலி வந்து கட்டில் பக்கத்தில் குந்தி, கூண்டுக்குள் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து என் விலா எலும்பையே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். எனக்கு உயிர் அவள் கண்ணில் நின்றது.

"மூச்சு வாங்கல. மூக்கோடதான் நிக்குது. எறங்க வுடக் கூடாது" என்று சொல்லி, என்னை எழுப்பிச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்தாள். கண் சொருகும்போதெல்லாம் தோளைப் பிடித்து உலுக்கினாள். எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஈதர் வேறு தூக்கம் வேறு என்று டாக்டர் பல தடவை விளக்கியிருந்தார். அதை ஞாபகப்படுத்த எனக்குத் தெம்பில்லை, அவளுக்கு அவசியமில்லை. பொழுது சாய்ந்து விளக்கேற்றியபின்தான் படுக்க விட்டாள்.

போகுமுன் லூர்து மேரியிடம் ஒரு காகிதம் எடுக்கச் சொன்னாள். "எழுதிக்கோம்மா. சனிக்கெழமை. ஆம்பள ஒண்ணு. எண்ணெ தேச்சது. முழிச்சிக்கினு இருந்திச்சி. பொழைச்சிக்கும்."

லூர்து மேரி சொன்னபடியே எழுதினாள். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.